பழைய டிராக்டர் சங்கத்தின் முதல் களநாள்: எதை வைப்பது, எதை விடுவது?

இரும்புச்சக்கரம் கேட்டது:

வணக்கம். எங்கள் வட்டாரப் பழைய டிராக்டர் சங்கம் இதுவரை வண்டிகளை வரிசையாக நிறுத்திப் பார்வைக்கு வைத்ததோடு சரி. இந்த முறை ஓட்டிக்காட்டும் களநாள் ஒன்று நடத்துவதாக முடிவு. 25 வண்டிகள் வரை வரலாம். ஃபெர்குசன் டிஇ20 ஐந்தாறு, ஃபார்மால் எச் இரண்டு, ஃபோர்டு 8என் ஒன்று, ஜான் டீர் இரட்டை சிலிண்டர் ஒன்று, மூன்று சிலிண்டர் பெர்கின்ஸ் டீசல் போட்ட எம்எஃப்35 (மாஸி ஃபெர்குசன்) மூன்று, இரும்புச் சக்கர ஃபோர்ட்சன் எஃப் ஒன்று, மீதி கலவை. இடம் அறுவடை முடிந்த 4 ஏக்கர் தாள் நிலம்.

பேச்சில் இருப்பவை: ஊர்வலம், மெதுவோட்டப் போட்டி, உழவு, தட்டை பெல்ட்டில் கதிரடிக்கும் இயந்திரம், எடை இழுப்பு. எல்லாவற்றையும் ஒரே நாளில் வைக்கலாமா? எதில் சிக்கல் வரும்? வாசலில் வண்டிகளைச் சோதிக்க என்ன பட்டியல் வைத்துக்கொள்ள வேண்டும்? செய்து பழகியவர்கள் விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

---

ஸ்பேனர்14:

போட்டியெல்லாம் அப்புறம். வாசல் சோதனையை முதல்ல உறுதி பண்ணுங்க. அதுக்கு ரெண்டு பேர், ஒரு ஜாக்கி, ஒரு டார்ச், கொஞ்சம் சரிவான ஒரு துண்டு இடம் போதும். வண்டிக்குப் பத்து நிமிஷம்.

முதல் சோதனை ஸ்டார்ட் ஆகுதான்னு இல்ல, நிக்குதான்னு. மேக்னட்டோ வண்டிக்கு பேட்டரி தேவையே இல்ல, அதுவே மின்சாரம் உண்டாக்கிக்கும். அதோட பிரைமரி சுருளை எர்த்தோட சேர்த்தாத்தான் எஞ்சின் அணையும். அந்த ஒத்தைக் கம்பி அறுந்திருந்தா பட்டனை எவ்வளவு அழுத்தினாலும் ஓடிட்டேதான் இருக்கும். டீசல்ல நிறுத்துற கம்பி துருப்பிடிச்சு இறுகியிருக்கும், இல்லேன்னா பம்ப்புக்குள்ள டீசல் அளவை மாத்துற ரேக் ஒட்டியிருக்கும். பல வருஷம் கிடந்த டீசலை முதல்முறை எழுப்பும்போது காற்று உள்ளே போற வாயை மூட ஒரு தட்டையான பலகையோட ஒருத்தர் பக்கத்துல நிக்கணும். எஞ்சின் கட்டுக்கு மீறி ஓட ஆரம்பிச்சா அதுதான் வழி. கையால மூடக் கூடாது.

அடுத்தது பிரேக். இடது வலது தனித்தனி பெடல். வயல்ல திருப்ப வசதி. ரோட்டுல ஒரு பக்கம் மட்டும் பிடிச்சா வண்டி சுத்திடும். ரெண்டையும் சேர்க்கிற கொக்கி இருக்கணும், மாட்டியிருக்கணும். சரிவுல நிறுத்திப் பாருங்க. ஒரு சக்கரம் மட்டும் வழுக்கினா, அந்தப் பக்க ஆக்சில் சீல் போய் எண்ணெய் பிரேக் லைனிங்ல இறங்கியிருக்கு. டிஇ20ல அடிக்கடி பார்க்கிற கோளாறு. அந்த லைனிங்கைக் கழுவி வேலையாகாது, சீலையும் லைனிங்கையும் சேர்த்து மாத்தணும்.

முன் ஆக்சிலை ஜாக்கியில தூக்கிச் சக்கரத்தை மேலும் கீழும் ஆட்டிப் பாருங்க. நடு பின் தேய்ந்திருந்தா ஆக்சிலே ஆடும். சக்கரம் மட்டும் ஆடினா பேரிங்.

பெட்ரோல் குழாய்ல இருக்கிற கண்ணாடிக் கிண்ணத்தோட கார்க் வாஷர் காய்ஞ்சு சுருங்கியிருக்கும். சொட்டு விழுற இடத்துக்குக் கீழ சூடான மேனிஃபோல்டு (எஞ்சின் புகை போற குழாய்) இருக்குதான்னு கவனியுங்க. ஒழுகுற வண்டி உள்ளே வரவே கூடாது; ஓனர் எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும் சரி.

ஸ்டார்ட்டர்: டிஇ20ல கியர் லிவரைத் தள்ளித்தான் ஸ்டார்ட் பண்ணணும், அதனால கியர்ல இருக்கும்போது எழும்பாது. எல்லா வண்டிக்கும் அந்தப் பாதுகாப்பு கிடையாது. இருந்ததையும் யாராவது வயர் போட்டுத் தாண்டியிருப்பாங்க. கீழ நின்னு ஸ்க்ரூடிரைவரால ஸ்டார்ட்டர் முனைகளை இணைக்கிற பழக்கத்தை அன்னைக்கு யார் செஞ்சாலும் வெளியே அனுப்புங்க. கியர்ல இருந்தா பின் சக்கரம் நேரா அவர் மேல ஏறும்.

ஹேண்டில் போடுறவங்களுக்கு: ஸ்பார்க் தாமதத்துல இருக்கணும், கட்டைவிரல் மத்த விரல்களோட ஒரே பக்கம், கீழிருந்து மேல இழுக்கணும். அழுத்திச் சுத்தினா உதைக்கும்போது மணிக்கட்டு போயிடும்.

---

சால்கோடு:

உழவைக் கண்டிப்பாக வையுங்கள். 4 ஏக்கரில் ஒன்றரை ஏக்கரை அதற்கே ஒதுக்கலாம். இரு முனையிலும் திரும்ப 8 மீட்டர் விடுங்கள். ஒவ்வொரு வண்டிக்கும் தனித் துண்டு. ஒரே துண்டில் நாலு வண்டியை விட்டால் முன்னால் போனவர் விட்ட கோணலைப் பின்னால் வருபவர் சுமக்க வேண்டியிருக்கும்.

அன்று காலையில் பார்ப்பவர்கள் முன்னால் கலப்பையைச் சரி செய்ய உட்கார்வதுதான் பெரும்பாலான களநாட்களைக் கெடுப்பது. முதல் நாளே முடித்துவிட வேண்டிய வேலை அது. இரண்டு கொழு இறக்கைக் கலப்பைக்கு இந்த வரிசை:

துண்டின் நடுக்கோட்டில் மூன்று கம்பு நட்டு, முதல் கம்பு மற்ற இரண்டையும் மறைக்கும்படி வண்டியை நேராக்குங்கள். முதல் ஓட்டத்தில் நான்கு சக்கரமும் உழாத மண்ணில்தான் போகும். வலது தூக்குக் கம்பியின் கைப்பிடியைத் திருப்பி, முன் கொழு மண்ணைச் சுரண்டும் அளவிலும் பின் கொழு பாதி ஆழத்திலும் இருக்கும்படி வையுங்கள். திரும்பி வரும்போது வலது சக்கரங்கள் சாலுக்குள் இறங்கும், வண்டி சாயும். அப்போது கலப்பையை மறுபடி மட்டப்படுத்த வேண்டும். இதை மறப்பதால்தான் ஒரு சால் உயரம் ஒரு சால் பள்ளம் என்று படிப்படியாக வருகிறது.

டாப் லிங்க்கைச் (வண்டியையும் கலப்பையின் மேல்பக்கத்தையும் இணைக்கும் கம்பி) சுருக்கினால் கொழு முனை கீழே குத்தும், நீட்டினால் மிதக்கும். நல்ல அளவு எது என்று சால் சுவரின் அடியைப் பார்த்தால் தெரியும்: கலப்பையின் பக்கத் தகட்டின் குதிகால் லேசான கோடு ஒன்றை விட்டிருக்கும். கோடே இல்லையென்றால் முனை அதிகம் குத்துகிறது. ஆழமான கோடு என்றால் முனை எழும்பி நிற்கிறது. கொழுவுக்கு முன்னால் மண்ணை வெட்டும் வட்டமான வெட்டுத் தட்டு கொழு முனையைவிட அரை முதல் முக்கால் அங்குலம் உழாத பக்கம் தள்ளி இருக்கட்டும். அதன் நடுக் குமிழ் தாளில் உரசும் அளவுக்கு இறக்கினால் தாளைச் சேர்த்துக்கொண்டு அடைக்கும்.

ஆழம் கொழு அகலத்தில் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டக் கூடாது. 12 அங்குலக் கொழுவுக்கு 8 அங்குலம் மேல் எல்லை. பார்வைக்கு 6 போதும். அதற்கு மேல் போனால் மண் முழுதாகப் புரளாமல் விளிம்பில் நிற்கும். வேகம் மணிக்கு 4-5 கிலோமீட்டர்.

டிஇ20காரர்களுக்கு இன்னொன்று. அதில் ஹைட்ராலிக், டாப் லிங்க்கில் விழும் அழுத்தத்தை வைத்து ஆழத்தைக் கட்டுப்படுத்துகிறது. மண் இறுகிய இடத்தில் கலப்பை தானே கொஞ்சம் எழும்பும், இளகிய இடத்தில் அமிழும். இது கோளாறு இல்லை. ஆகவே துண்டுகளைப் பிரிக்கும்போது ஒரே துண்டில் வண்டித்தடமும் இளக்கமும் மாறி மாறி வராதபடி பாருங்கள். அதே எண்ணெய்தான் கியர்பெட்டிக்கும் என்பதால், தூக்கிய கலப்பை தானே மெதுவாக இறங்கினால் முதலில் எண்ணெய் அளவையும் நிறத்தையும் பார்க்க வேண்டும். பால்போல் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது.

எடை இழுப்பை மட்டும் முதல் ஆண்டு விட்டுவிடுங்கள் என்பேன்.

---

பெல்ட்புல்லி:

இழுப்பை விடச் சொல்வதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் பெல்ட்.

பார்வையாளர்கள் வேறெதையும்விட நின்று பார்ப்பது இதைத்தான். ஆனால் வண்டியை எங்கே நிறுத்துவது என்பதிலேயே பாதி வேலை முடிந்துவிடுகிறது. காற்று வண்டியிலிருந்து இயந்திரம் பக்கம் அடித்தால் சைலன்சரிலிருந்து வரும் பொறி வைக்கோலுக்குப் போகும். எதிர்ப்பக்கம் அடித்தால் உமி பறந்து ரேடியேட்டரை அடைத்து அரை மணியில் கொதிக்கும். பக்கவாட்டில் அடிக்கும்படி நிறுத்துங்கள். தீயணைப்பான் வண்டிக்குப் பக்கத்தில் ஒன்று, வைக்கோல் பக்கம் ஒன்று, கூடவே தண்ணீர்ப் பீப்பாய்.

வேகக் கணக்கு எளிது: வண்டிப் புல்லியின் விட்டத்தைச் சுழற்சியால் பெருக்கி இயந்திரப் புல்லியின் விட்டத்தால் வகுக்க வேண்டும். 9 அங்குலப் புல்லி 1300 சுற்று, இயந்திரத்தில் 13 அங்குலப் புல்லி என்றால் 900 சுற்று. வழுக்கலால் அதிலும் சற்றுக் குறைவாக வரும். இயந்திரத்தின் மேல் எழுதியுள்ள வேகத்தைத் தாண்ட வேண்டாம். பழைய மரச்சட்ட இயந்திரத்தில் உருளைக் கம்பிகளின் போல்ட் தளர்ந்திருந்தால், வேகம் கூடியதும் அவை பறக்கும்.

பெல்ட்டை ஒரு முறை முறுக்கிக் குறுக்காகப் போடுங்கள். புல்லியைச் சுற்றும் பரப்பு கூடும், நடுவில் அடித்துக்கொள்வது குறையும். ஆனால் சுழலும் திசை மாறிவிடும். எந்தத் திசை வேண்டுமோ அதை முன்னதாகவே பாருங்கள். வண்டியைப் பின்னுக்கு நகர்த்தி இழுவை ஏற்றி, புல்லியைக் கையால் நாலைந்து சுற்று சுற்றிப் பாருங்கள். பெல்ட் ஓரத்துக்கு நகர்ந்தால் வண்டியின் கோணத்தை ஒரு கையளவு மாற்றினால் போதும். பிறகு பிரேக்கைப் பூட்டி நான்கு சக்கரத்துக்கும் கட்டை வையுங்கள். பெல்ட்டின் இழுவை வண்டியை முன்னுக்கு இழுத்துக்கொண்டே இருக்கும், கட்டை நழுவினால் பெல்ட் தளர்ந்து கழன்று வீசும். இரு பக்கமும் கயிறு கட்டி, பெல்ட் நீட்டத்துக்கு நேராக இரு முனைகளிலும் யாரும் நிற்காமல் பாருங்கள். ஓடும் பெல்ட்டைத் தாண்டுவதும் அதில் கையால் பசை தடவுவதும் அறவே கூடாது.

இப்போது எடை இழுப்பு. சங்கங்களில் நடப்பது சாதாரணமாகச் சறுக்கு வண்டி முறை: வண்டி முன்னேற முன்னேற எடைப்பெட்டி சறுக்கு வண்டியின் முன்பக்கத்துக்கு நகரும், இழுவை படிப்படியாகக் கூடும். அந்த வண்டி இல்லாமல் கல்லைக் கட்டி இழுக்க விட்டால்தான் ஆபத்து. அசையாத எடையில் சங்கிலி திடீரென விறைக்கும்போது முன்பக்கம் தூக்கும்.

கொக்கி இடம்தான் எல்லாம். எப்போதும் டிராபாரில் (வண்டியின் பின்னால் உள்ள இழுப்புப் பட்டை), பின் ஆக்சிலுக்குக் கீழே. பல சங்கங்களின் விதியில் தரையிலிருந்து 20 அங்குலம் மேல் எல்லை. டாப் லிங்க்கிலோ ஆக்சில் உறையிலோ கட்டினால் எஞ்சினின் திருகுவிசையே வண்டியைப் பின்னால் புரட்டும். எழும்பத் தொடங்கியதிலிருந்து முழுதாகப் புரள ஒன்றரை நொடி போதும். கிளட்ச்சுக்குக் கால் போவதற்குள் முடிந்துவிடும். ஃபோர்ட்சன் எஃப் இதற்குப் பெயர் போனது, அதை இழுப்பில் சேர்க்கவே வேண்டாம். நைலான் கயிறு தடை. அறுந்தால் சாட்டைபோல் திரும்பி வரும்.

---

சால்கோடு:

பெல்ட்புல்லி, சறுக்கு வண்டி இருக்கிற சங்கத்துக்கு நீங்கள் சொல்வது சரி. இவர்களிடம் இருப்பதாகக் கேள்வியில் இல்லை. வாடகைக்கு எடுத்தாலும் இழுப்புத் தடத்தை உருட்டி இறுக்கி, ஒவ்வொரு இழுப்புக்கும் பிறகு சமப்படுத்த ஒரு வண்டியும் ஆளும் தனியாக வேண்டும். 4 ஏக்கரில் உழவும் பெல்ட்டும் போக அதற்கு இடமில்லை. என் கருத்து மாறவில்லை.

---

டிஇ20காரன்:

இடையில் ஒரு கேள்வி. டிஇ20 பெட்ரோல், 12 வருடமாகக் கொட்டகையில் நின்றது. எஞ்சின் ஹேண்டிலில் அசையவில்லை. ஆறு வாரத்தில் இப்படி ஒரு களநாளுக்குத் தயாராகுமா? பேட்டரி போட்டு ஸ்டார்ட்டரால் உதைத்துப் பார்க்கலாமா?

---

ஸ்பேனர்14:

ஸ்டார்ட்டரைத் தொடவே கூடாது. ஒட்டியிருக்கிறது பிஸ்டனா வால்வான்னு தெரியாம சுத்தினா புஷ்ராடு வளையும், இல்லேன்னா ஸ்டார்ட்டர் பல் உடையும்.

எஞ்சின் அடியில எண்ணெய் வடிக்கிற திருகை மெதுவா தளர்த்துங்க. தண்ணி கனம், அடியில நிக்கும், எண்ணெய்க்கு முன்னாடி அதுதான் வெளியே வரும். தண்ணி வந்தா அதோட ஸ்டார்ட் பண்ற யோசனையை விடுங்க. டிஇ20ல இருக்கிற ஸ்டாண்டர்டு கம்பெனி எஞ்சின்ல சிலிண்டர் லைனரை (உள் குழாய்) சுத்தித் தண்ணி ஓடுது, லைனர் அடியில எட்டு வடிவ கேஸ்கெட் இருக்கு. நின்னு நின்னு அது கெட்டா தண்ணி நேரா கீழ இறங்கும். ஹெட்டைக் கழட்டி லைனரைத் தூக்கணும், ஆறு வாரம் இழுபறிதான்.

தண்ணி இல்லேன்னா: நாலு பிளக்கையும் கழட்டி, ஒவ்வொரு சிலிண்டர்லயும் ஆட்டோமேட்டிக் கியர் எண்ணெயும் அசிட்டோனும் சரிபாதி கலந்து ரெண்டு மூணு மேஜைக்கரண்டி ஊத்துங்க. நெருப்பு பக்கத்துல வேண்டாம். ஒரு வாரம் ஊறட்டும், மூணு நாளுக்கு ஒரு தடவை மறுபடி ஊத்துங்க. அதுக்குள்ள ராக்கர் மூடியைத் திறந்து ஒவ்வொரு வால்வு ஸ்பிரிங்கையும் சின்னச் சுத்தியலோட மரப்பிடியால தட்டுங்க. கீழ போய் உடனே மேல வரணும். வராம நிக்கிற வால்வோட தண்டுல எண்ணெய் விட்டு நிதானமா விடுவிங்க. அப்புறம் டாப் கியர்ல போட்டுப் பின் சக்கரத்தைப் பிடிச்சு முன்னும் பின்னுமா ஆட்டுங்க. அரை அங்குலம் அசைஞ்சாலும் வழிக்கு வந்துடும்; வேகம் காட்டாதீங்க. வேலை முடிஞ்சதும் கியரை நியூட்ரல்ல போட்டுடுங்க.

சுத்த ஆரம்பிச்சதும் பிளக் இல்லாமலே நிறைய சுத்தி உள்ளே இருக்கிறதை வெளியே தள்ளுங்க, வாய்க்கு நேரா முகத்தை வைக்காம. பழைய எண்ணெயை மாத்துங்க. டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ள இருக்கிற தொடுமுனையில (பாயிண்ட்) படலம் இருக்கும், மெல்லிய அரத்தால சுத்தம் பண்ணி இடைவெளியை அந்த டிஸ்ட்ரிபியூட்டருக்கு உரிய கையேட்டு அளவுல வையுங்க. பிளக் ஒயர் வரிசை 1-3-4-2.

---

பெல்ட்புல்லி:

டாங்க் பற்றிச் சேர்க்கிறேன். 12 வருடப் பெட்ரோல் பிசின் ஆகியிருக்கும். உள்ளே துருவும் இருக்கும். கழற்றி, வெந்நீரில் பலமுறை கழுவி, பெட்ரோல் வாடை சுத்தமாகப் போன பிறகு மின்பகுப்பு முறையில் எடுக்கலாம். 4 லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேஜைக்கரண்டி சலவை சோடா. பேட்டரி சார்ஜரின் எதிர்முனை டாங்க்கில், நேர்முனை உள்ளே தொங்கும் சாதாரண இரும்புக் கம்பியில்; கம்பி டாங்க்கைத் தொடக் கூடாது. முனைகள் மாறினால் டாங்க்கே கரையும். எவர்சில்வர் கம்பி வேண்டாம், நச்சுக் குரோமியம் தண்ணீரில் இறங்கும். ஹைட்ரஜன் வரும் என்பதால் திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும். கிளிப்பைக் கழற்றும் முன் சார்ஜரை அணையுங்கள். பிறகு கழுவி உடனே உலர்த்துங்கள், ஈரமாக விட்டால் அன்றைக்கே திரும்பத் துருப்பிடிக்கும்.

6 வோல்ட் வண்டியாக இருந்தால் கார் கடையில் கிடைக்கும் மெல்லிய பேட்டரி கேபிளைப் போட்டுவிட்டு ஸ்டார்ட்டர் பலவீனம் என்று சொல்லாதீர்கள். அதே வேலைக்கு 6 வோல்ட்டில் மின்னோட்டம் இரண்டு மடங்கு, கேபிளும் அதற்கேற்பத் தடிமனாக வேண்டும். எர்த் பிடிக்கும் இடத்தில் பெயின்டைச் சுரண்டிப் பளபளவென்று ஆக்குங்கள்.

களநாளுக்கு முன் ஒரு மணி நேரமாவது சுமையோடு ஓட்டிப் பாருங்கள். 15-20 நிமிடம் ஓடி நின்றால் டாங்க் மூடியைத் திறந்து பாருங்கள். உஸ் என்று காற்று உள்ளே போய், உடனே எழும்பினால் மூடியின் காற்றுத் துளை அடைபட்டிருக்கிறது. அப்படியில்லாமல் ஆறிய பிறகுதான் எழும்பும் என்றால் சூட்டில், பொறி உண்டாக்கும் இக்னிஷன் காயிலோ கண்டென்சரோ கைவிடுகிறது. நின்ற அந்த நிமிடத்திலேயே பிளக்கில் பொறி வருகிறதா பாருங்கள், ஆறவிட்டுப் பார்த்தால் பிடிபடாது.

---

இரும்புச்சக்கரம்:

மிகவும் உதவி. இழுப்பை இந்த ஆண்டு விட்டுவிடுகிறோம். மெதுவோட்ட விதி எப்படி வைப்பது? ஜான் டீருக்குக் கை கிளட்ச் என்பதால் "கால் வைக்கக் கூடாது" என்று எழுதினால் சண்டை வரும். பிறகு, இரும்புச் சக்கர ஃபோர்ட்சனை ஊர்வலத்தில் விடலாமா? 8என்காரர் புல்வெட்டியைப் பூட்டிக்கொண்டு வருவேன் என்கிறார்.

---

ஸ்பேனர்14:

விதியை இப்படி எழுதுங்க: கோடு தாண்டின பிறகு கிளட்ச்சையும் பிரேக்கையும் கையாலயோ காலாலயோ தொட்டா வெளியே, சக்கரம் நின்னா வெளியே, எஞ்சின் அணைஞ்சா வெளியே. 30 மீட்டர், முதல் கியர், கடைசியா வர்றவர் ஜெயிப்பார். முதல் கியர் வேகம் வண்டிக்கு வண்டி மாறும், அதனால ஒரே மாடல்களைத் தனி வகுப்பாப் பிரிங்க. டிஇ20 மட்டுமே ஒரு வகுப்புக்குப் போதும். தனியா வர்ற மாடல்களை ஒரு கலவை வகுப்புல போட்டு, அதுல பரிசு வைக்காம விட்டுடுங்க. ஐட்லிங் ஸ்க்ரூவை ரொம்ப இறக்கி வர்றவங்க இருப்பாங்க, அணைஞ்சு போறது அவங்க வண்டிதான்.

ஃபோர்ட்சன் ரோட்டுக்கு வேண்டாம். சக்கரத்துல இருக்கிற இரும்புப் பற்கள் ரோட்டைக் கிழிக்கும், வண்டியும் வழுக்கும். வயலுக்குள்ள தனித் தடத்துல ஓட்டட்டும், ஈரம் இருந்தா அதுவும் வேண்டாம்.

8என் புல்வெட்டி: அந்த வண்டில கிளட்ச்சை மிதிச்சாலும் சுழல்ற கத்தியோட வேகம் பி.டி.ஓ. தண்டு (எஞ்சின் சக்தியைக் கருவிக்குக் கொண்டுபோற தண்டு) வழியா கியர்பெட்டியைத் தள்ளிட்டே இருக்கும், வண்டி நிக்காம முன்னாடி போகும். தண்டுல ஒருவழிக் கிளட்ச் மாட்டியிருந்தா மட்டும் அனுமதியுங்க. மாட்டியிருந்தாலும் ஊர்வலத்துல பி.டி.ஓ. இணைப்பு கழட்டியே இருக்கணும். ஃபார்மால் எச் ரெண்டும் முன்சக்கரம் ஒட்டி இருக்கிற மூணுகால் வகைன்னா, வளைவுல ஒரு பக்க பிரேக் போட்டுத் திருப்பக் கூடாதுன்னு ஓட்டுறவங்ககிட்ட முன்னாடியே சொல்லுங்க. மட்கார்டுலயும் டிராபார்லயும் யாரையும் ஏத்த வேண்டாம், குழந்தைகளைப் படம் எடுக்கணும்னா வண்டி அணைஞ்சு சக்கரத்துக்குக் கட்டை வச்ச பிறகு.

---

சால்கோடு:

பின் டயர்களில் தண்ணீர் நிரப்பியிருக்கிறதா என்றும் வாசலில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பழையவற்றில் பெரும்பாலும் கால்சியம் குளோரைடு கரைசல் இருக்கும். வால்வைச் சுற்றி வெள்ளைப் பொருக்கும் ரிம்மில் கொப்புளமும் தெரிந்தால் அது உள்ளிருந்து அரித்துக்கொண்டிருக்கிறது, அந்த வண்டியை உழவுக்கு விடாமல் வரிசையில் நிறுத்துங்கள்.